காகிதமும் முடிச்சும்

சட்டம் படித்தவனுக்கு இலக்கியப் பத்திரிகையில் என்ன வேலை என்று கேட்கக்கூடிய நண்பர்கள் உண்டு. அவர்களுக்குப் பதிலாக இதை எழுதவில்லை. ஆனால் நம் சிறு வட்டத்தில் படைப்பு, படைப்பாளி, உரிமை, சுயம் என்ற சொற்கள் புழங்கும் விதத்தைப் பார்க்கையில், இதே சொற்களை ஜீவனோபாயமாகக் கொண்டவர்கள் இவற்றை எப்படிக் கையாள்கிறார்கள் என்று ஒருமுறை சொல்லிவைப்பது தகும் என்று படுகிறது. கவிஞன் இவற்றைப் பயபக்தியோடு உச்சரிக்கிறான். வக்கீல் முழக்கோல் வைத்து அளக்கிறான். இரண்டு பேருக்கும் அகப்படாமல் ஒரு விஷயம் நழுவிவிடுகிறது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

2011ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் நான் இத்தாலியில் டூரின் நகரில் இருந்தேன். டூரின் பல்கலைக்கழகமும், ஜெனீவாவில் இருக்கும் உலக அறிவுசார் சொத்து அமைப்பும் சேர்ந்து நடத்தும் முதுகலைச் சட்டப் படிப்பு. ஆரம்பப் பாடங்கள் ஊரிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வழியாக. செல்லூரில் எங்கள் வீட்டு மாடியில், கீழே பக்கத்து வீட்டு விசைத்தறி ஓடிக்கொண்டிருக்க, பாரீஸ் ஒப்பந்தம், பெர்ன் ஒப்பந்தம் என்று 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் பேரங்களைப் படித்து முடித்தேன். பிறகு சில மாதங்கள் டூரினில். வகுப்புகள் நடந்தது போ நதிக்கரையில், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் பயிற்சி வளாகத்தில். 1961இல் நடந்த ஒரு பெரிய பொருட்காட்சிக்காகக் கட்டிய கட்டிடங்கள். தொழிலாளர் பெயரில் இருக்கும் வளாகத்தில் சொத்துரிமைப் பாடம் நடப்பதை நான் மட்டும்தான் விசேஷமாக நினைத்தேன் போலிருக்கிறது. வகுப்பில் ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா, கீழை ஐரோப்பா, அரபு நாடுகள் என்று எல்லாத் திசையிலிருந்தும் ஆட்கள் இருந்தார்கள். பாதிப்பேர் தங்கள் நாட்டுப் பதிவு அலுவலகங்களின் அதிகாரிகள். ஓய்ந்த நேரத்தில் ரயில் நிலையத்துக்கு அருகிலிருக்கும் ரோமா ஓட்டலைப் போய்ப் பார்த்தேன். செஸாரே பவேஸே 1950இல் தற்கொலை செய்துகொண்டது அங்கேதான். கூட வந்தவருக்கு அந்தப் பெயர் தெரியவில்லை. நான் விளக்கவும் இல்லை.

படிப்பின் சாரம் இரண்டு கேள்விகள். யார்? எப்போது? இந்த இரண்டுக்கும் காகிதத்தில் பதில் இருந்தால் சொத்து உண்டாகிறது. இல்லாவிட்டால் அந்த விஷயம் பொதுவில் கிடக்கிறது, எவரும் எடுத்துக்கொள்ளலாம். 'பொதுவில்' என்ற சொல்லை நாம் ஏதோ சமதர்மத்தின் சாயலோடு கேட்கிறோம். சட்டத்தின் காதில் அது புறம்போக்கு என்றுதான் விழுகிறது.

மஞ்சள் விவகாரம் பத்திரிகை படிக்கும் எல்லோருக்கும் தெரியும். புண்ணை ஆற்ற மஞ்சள் பொடியைப் பயன்படுத்துவதற்கு 1995இல் அமெரிக்காவில் ஒரு மருத்துவப் பல்கலைக்கழகத்துக்குக் காப்புரிமை கொடுத்தார்கள். இந்தியாவின் விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கழகம் ஆட்சேபித்தது. 1997இல் ரத்தாயிற்று. பத்திரிகைகள் இதைப் பாட்டி வைத்தியத்தின் வெற்றி என்று எழுதின. வகுப்பில் கோப்பைப் பிரித்துப் பார்த்தபோதுதான் வெற்றியின் லட்சணம் தெரிந்தது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, வெளிநாட்டில் ஒரு விஷயம் வழக்கத்தில் இருந்தது என்பது ஆட்சேபணை ஆகாது. வெளிநாட்டில் அது அச்சிடப்பட்டிருக்க வேண்டும். கோடிக்கணக்கான அம்மாக்கள் பிள்ளைகளின் முழங்காலில் மஞ்சளை அப்பியது கணக்கில் வராது. ஆகவே பழைய நூல்களையும், 1953இல் இந்திய மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வந்த ஒரு கட்டுரையையும் தேடிக் கொண்டுபோய் வைத்தார்கள். காகிதம் ஜெயித்தது. பாட்டியை யாரும் கூப்பிடவில்லை. நான் டூரினுக்குப் போய்ச் சேர்ந்த அதே செப்டம்பரில்தான் அமெரிக்கா அந்த விதியை மாற்றும் சட்டத்தில் கையெழுத்திட்டது. 2013 மார்ச்சில் அமலுக்கு வந்தது.

ஐரோப்பாவில் வேறு மாதிரி. வேம்பு எண்ணெயிலிருந்து பூஞ்சணக் கொல்லி செய்வதற்கு 1994இல் கொடுத்த காப்புரிமையை மியூனிக்கில் எதிர்த்தபோது, ஒரு இந்தியத் தொழிற்சாலைக்காரர் நேரில் போய், நாங்கள் இதை ஏற்கெனவே செய்துகொண்டிருந்தோம் என்று சாட்சி சொன்னார். எடுபட்டது. 2000இல் ரத்து, 2005இல் அப்பீலிலும் அதுவே நிலைத்தது. செய்தவனின் வாய்மொழிக்கு அங்கே இடமிருந்தது. ஆனால் அதற்கும் அவன் ஒரு தொழிற்சாலையின் மனிதனாக இருக்க வேண்டியிருந்தது.

இங்கே நம்மவர்களுக்கு ஒரு செய்தி. முந்நூறு பிரதி அடித்து, நூற்றைம்பது பரண்மேல் கிடக்கும் ஒரு தமிழ்ச் சிறுபத்திரிகை, சட்டத்தின் பார்வையில் 'அச்சிட்ட பிரசுரம்'. பொதுமக்களுக்குக் கிடைக்கும்படி இருந்தது என்று காட்டினால் போதும். அதில் யாராவது ஒரு கஷாயத்தைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தால், அதன் செல்வாக்கு ஒரு ஜில்லா முழுவதும் அந்தக் கஷாயத்தைக் குடித்ததைவிட அதிகம். நாம் இத்தனை வருஷமாக யாருக்காக எழுதுகிறோம் என்று அங்கலாய்த்துக்கொண்டிருக்கிறோம். ஏதோ ஒரு காப்புரிமைப் பரிசோதகருக்காகவும்தான்.

மஞ்சளுக்குப் பிறகு அரசாங்கம் சுதாரித்துக்கொண்டு, 2001இல் மரபுசார் அறிவுக்கென்று ஒரு மின்நூலகம் தொடங்கியது. ஆயுர்வேதம், யுனானி, நம் சித்த மருத்துவச் சுவடிகள் எல்லாம் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பானிய மொழிகளில் பெயர்க்கப்பட்டு அதில் ஏறின. பார்க்கும் அனுமதி நெடுங்காலம் வெளிநாட்டுக் காப்புரிமை அலுவலகங்களுக்குத்தான். சந்தா கட்டி மற்றவர்களும் பார்க்கலாம் என்ற அளவுக்கு 2022இல்தான் மந்திரிசபை இளகியது. எல்லோருக்கும் தெரிந்ததைப் பூட்டிவைத்துத்தான் எல்லோருக்கும் தெரியும் என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது. காஃப்கா இருந்திருந்தால் ரசித்திருப்பார். அவரும் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வக்கீல்தானே.

ஒரு நாள், பதிப்புரிமை வகுப்பில், உங்கள் நாட்டில் வினோதமாக ஏதாவது உண்டா என்று ஆசிரியர் ஒவ்வொருவரையும் கேட்டார். நான் பாரதியைச் சொன்னேன். 1904இல் எங்கள் மதுரையில் சேதுபதி பள்ளியில் சில மாதங்கள் வாத்தியாராக இருந்த மனிதர்; 1921இல் செத்துப்போனார்; பாட்டுகளின் இசைத்தட்டு, சினிமா உரிமை கைமாறிக் கைமாறி ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்தது, 1948இல் டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டு வந்ததும் தகராறு எழுந்தது. நாரண துரைக்கண்ணன் முதலானோர் கிளர்ச்சி செய்ய, 1949இல் சென்னை அரசாங்கமே உரிமைகளை எடுத்துக்கொண்டது. செட்டியார் தம்முடையதை விலை வாங்காமல் விட்டுக்கொடுத்தார். அதன் பிறகு இதுவே எங்கள் மாநிலத்தில் வழக்கமாகிவிட்டது, எழுத்தாளரின் வாரிசுக்கு ஒரு தொகை கொடுத்துவிட்டு நூல்களை நாட்டுடைமை ஆக்கிவிடுவார்கள் என்றேன். வகுப்பு சிறிது நேரம் பேசவில்லை. பெர்ன் ஒப்பந்தத்தில் இதற்கு எந்த ஷரத்து என்று ஒரு அதிகாரி கேட்டார். ஷரத்து எதற்கு, உடைமைக்காரர் சம்மதித்து விட்டுக்கொடுப்பதை எந்த ஒப்பந்தமும் தடுக்கவில்லை என்றேன்.

சம்மதம் என்ற இடம் முக்கியம். 2009இல் அறிவிப்பு வந்தபோது சுந்தர ராமசாமி, கண்ணதாசன் குடும்பத்தார் மறுத்துவிட்டார்கள். மறுக்கும் சுதந்திரம் அவர்களுக்கு இருந்தது, காகிதம் இருந்ததால். நாட்டுடைமையான நூல்களைப் பதிப்பாளர்கள் படுத்தும் பாட்டைப் பார்க்கிறவர்களுக்கு அவர்கள் மறுப்பின் நியாயம் புரியாமல் போகாது. பாடபேதமும் அச்சுப்பிழையும் இப்போது யாருடைய பொறுப்பும் இல்லை. இருந்தாலும் பாரதி விஷயத்தில் நடந்தது நம் சமூகத்தின் அபூர்வமான விவேகங்களில் ஒன்று என்பதே என் அபிப்பிராயம். காகிதத்தில் ஒருவர் பெயர் இருந்தும், இது அவருடையது மட்டும் அல்ல என்று ஜனங்கள் சொன்னார்கள்.

இதற்கு நேர் எதிரான விஷயம் எங்கள் வீட்டில் இருந்தது. காகிதமே இல்லாதது.

என் தகப்பனார் தறிக்காரர். செல்லூர்த் தெருக்களில் அப்போது கைத்தறிச் சத்தம்தான். அம்மா சுங்குடிக்கு முடிச்சுப் போடுவாள். கல்பாலத்தைத் தாண்டி, மகால் பக்கத்து சௌராஷ்டிரர் வீடுகளிலிருந்து துணி வாங்கி வந்து, முடிந்து, திருப்பிக் கொடுப்பாள். கூலி முடிச்சுக் கணக்கில். துணியை மடித்துப் புள்ளி குத்தியிருக்கும். இடது கைக் கட்டைவிரல் நகத்தால் புள்ளியைக் கிள்ளித் தூக்கி, வலது கையால் நூலை இரண்டு சுற்று இறுக்கி, அறுக்காமல் அடுத்த புள்ளிக்குப் போக வேண்டும். ஒரு சேலைக்குப் பல ஆயிரம். இறுக்கம் குறைந்தால் சாயம் உள்ளே போய்விடும். கூடினால் துணி கிழியும். சாயத்தில் முக்கிக் காயவைத்துப் பிரித்தால் முடிந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. ஒன்றைப் போல் ஒன்று இராது. நாங்கள் சாப்பிட வேண்டுமென்றால் அவள் விரலிலிருந்து நூலை விடுவிக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்குச் சின்ன வயதில் தெரிந்த கலை.

மதுரைச் சுங்குடி 2005இல் புவிசார் குறியீடு பெற்றது. 1999இல் இயற்றி 2003 செப்டம்பரில் அமலுக்கு வந்த சட்டம். பதிவகம் சென்னை கிண்டியில். முதலில் பதிவானது டார்ஜிலிங் தேயிலை. உலக வர்த்தக ஒப்பந்தத்தின் நிர்ப்பந்தத்தில் வந்த இச்சட்டத்தின் மூலம் பிரெஞ்சு, இத்தாலிய திராட்சைத் தோட்டங்களில் இருக்கிறது. டூரினிலிருந்து சற்றுத் தெற்கே போனால் பரோலோ. அந்தப் பெயரில் மது விற்க, அந்த மலைச்சரிவில் திராட்சை பயிராகியிருக்க வேண்டும். வளர்க்கிறவனும் பிழிகிறவனும் சேர்ந்த சங்கம் பெயரைக் காவல் காக்கிறது. பாடம் சுத்தமாக இருந்தது. அதை மதுரைக்குக் கொண்டுவரும்போதுதான் இடறுகிறது.

நம் சட்டத்தில் 'உற்பத்தியாளர்' என்பதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. கைவினைப் பொருளானால் அதைச் செய்கிறவர். அத்தோடு நிற்கவில்லை. அதில் வியாபாரம் செய்கிறவரும் உற்பத்தியாளரே. இந்த ஒரு வாக்கியத்தை நான் டூரினில் ஒரு முழு ராத்திரி படித்துக்கொண்டிருந்தேன். தறியில் உட்கார்ந்தவனும் கல்லாவில் உட்கார்ந்தவனும் ஒரே சொல்லுக்குள் உட்கார்ந்துவிட்டார்கள். பதிவு ஒரு அமைப்பின் பெயரில் இருக்கும். தனி ஆள் ஒவ்வொருவரும் 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்று தன்னைத் தனியே பதிந்துகொள்ள வேண்டும். கடைக்காரரிடம் அதற்கு ஆள் இருக்கிறது. இன்று சுங்குடி என்று விற்பவற்றில் பெரும்பகுதி மெழுகு அச்சும் ஸ்கிரீன் அச்சும். புள்ளி இருக்கிறது, முடிச்சு இல்லை. பெயரைக் காப்பாற்றியாகிவிட்டது. பெயர் எதைக் குறித்ததோ அது விரல்களிலிருந்து இறங்கிப் போய்க்கொண்டிருக்கிறது. இதைச் சட்டத்தின் தோல்வி என்று சொல்லமாட்டேன். சட்டம் பெயரைக் காக்கிறேன் என்றுதான் சொன்னது. கையைக் காக்கிறேன் என்று சொல்லவேயில்லை.

ஆய்வேட்டை இதைப் பற்றித்தான் எழுதினேன். முடிச்சின் இறுக்கம், நூலின் ஓட்டம், எது சுங்குடி எது இல்லை என்பதெல்லாம் அம்மா டெலிபோனில் சொன்னது. இங்கே இன்னொரு கோட்பாடு குறுக்கே வருகிறது. கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு. 1978இல் நம் உச்ச நீதிமன்றமும் ஒரு நாடக வழக்கில் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. அம்மாவுக்குத் தெரிந்தது கருத்து. நான் எழுதிய வாக்கியங்கள் வெளிப்பாடு. ஆகவே ஏட்டின் உரிமை என்னுடையது. நான் செத்து அறுபது வருஷம்வரை என் வாரிசுகளுடையது. அம்மா ஒரு அடிக்குறிப்பு: 'வாய்மொழித் தகவல், செல்லூர்.' சட்டப்படி இதில் ஒரு குறையும் இல்லை. நல்ல மதிப்பெண்ணும் கொடுத்தார்கள்.

இதை வைத்து நான் கண்ணீர் விட வேண்டும் என்று எதிர்பார்க்கும் வாசகர் இருக்கலாம். நம் கதைகளில் அம்மாக்களும் தறிகளும் போதுமான அளவு கண்ணீர் வாங்கிவிட்டன. கைவேலையைப் புனிதப்படுத்துகிற எழுத்துக்கும், அதைச் சரக்காக்குகிற விளம்பரத்துக்கும் நடுவில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இரண்டிலும் கைக்குப் பெயர் இல்லை. அம்மா ஒருநாளும் தன்னைக் கலைஞர் என்று நினைத்ததில்லை. கூலி பாக்கியைப் பற்றி நினைத்திருக்கிறாள்.

பயனாளர் பதிவுக் கட்டணத்தை 2020இல் பத்து ரூபாயாகக் குறைத்தார்கள். அம்மாவுக்குப் பதிந்துவிடுவோம் என்று படிவத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இப்போதும் கண்ணாடி போட்டுக்கொண்டு வாரத்தில் இரண்டு நாள் முடிகிறாள். உற்பத்தியாளர் பெயர் என்று கேட்டிருப்பதைப் படித்துச் சொன்னேன்.

"உற்பத்தின்னா முழுச் சேலையுமாப்பா?"

ஆமாம் என்றேன்.

"அப்ப துணி நெஞ்சவுக பேரு, புள்ளி குத்துனவுக பேரு, சாயக்காரவுக பேரெல்லாம் எங்கிட்டு எழுதுவ?"

ஒரு படிவத்துக்கு ஒரு ஆள்தான் என்றேன். அவள் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள். வைகையில் தண்ணீர் ஓடின காலத்தில் துணியை அலசிக் கொடுத்த ஒரு கிழவர்வரை வந்தது. அவர்களில் மூன்று பேர் இப்போது உயிரோடில்லை. ஒருத்தி பெயர் ஞாபகத்துக்கு வரவில்லை. பக்கத்து வீட்டில் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று எழுந்து போனாள். படிவம் பீரோ மேலேதான் இருக்கிறது.