உம்மாவின் நித்திரை

எங்கள் ஊரில் குறட்டைக்கு நல்ல பெயர் உண்டு. சாய்மனைக் கதிரையில் குறட்டை விட்டுத் தூங்கும் ஒருவரைப் பார்த்தால், "மனுசன் எவ்வளவு நிம்மதியாத் தூங்குறார்" என்பார்கள். அந்த நல்ல பெயர் ஆண்களுக்கு மட்டுந்தான். ஒரு பெண் குறட்டை விடுகிறாள் என்றால் அது சிரிப்புக்குரிய விடயம். இல்லாவிட்டால் மறைக்க வேண்டிய விடயம். எங்கள் உம்மாவின் குறட்டையும் நான்கு வருடங்களாக வீட்டுச் சுவர்களுக்குள்ளேயே இருந்தது.

உம்மாவுக்கு 47 வயது. 43 வயதில் பிறஷர் இருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். முதலில் ஒரு குளிசை, பிறகு இரண்டு, பிறகு மூன்று. மாதம் ஒருமுறை கிளினிக் போவார். கொப்பியில் எழுதப்படும் இலக்கம் 160/100 என்ற அளவிலிருந்து பெரிதாக இறங்குவதேயில்லை. "உப்பைக் குறைக்கிறீங்களா? குளிசையை ஒழுங்காப் போடுறீங்களா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார்கள். சுபஹ் தொழுது முடித்ததும் முதல் வேலையாகக் குளிசை போடும் உம்மாவுக்கு அந்தக் கேள்வி மனவருத்தத்தைத் தரும். கறிக்கு உப்புப் போடும் கரண்டியைக்கூடச் சின்னதாக மாற்றியிருந்தார்.

காலையில் எழும்பும்போதே அவருக்குத் தலை வலிக்கும். தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகும். கேட்டால், "எனக்கென்ன வருத்தம் மகள்? வேலைக் களைப்புத்தான்" என்பார். நாலரை மணிக்கு எழும்பி ஐந்து பேருக்குச் சமைக்கும் ஒருவர் களைப்பு என்று சொன்னால் யார்தான் சந்தேகப்படுவார்கள்?

உயர்தர வகுப்பு உயிரியல் பாடத்தில் குருதியமுக்கம் பற்றிப் படித்தபோது எங்கள் ஆசிரியை ஒரு விடயம் சொன்னார். நாம் நித்திரை கொள்ளும்போது குருதியமுக்கம் பகலில் இருப்பதைவிட 10 முதல் 20 சதவீதம் வரை குறைய வேண்டும். இதயத்துக்கும் இரத்தக் குழாய்களுக்கும் அதுதான் ஓய்வு நேரம். அன்றிரவு நான் மண்டபத்தில் இருந்து படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் உம்மாவின் குறட்டைச் சத்தம். திடீரென்று அது நின்றது. அமைதி. பிறகு தண்ணீருக்குள் மூழ்கியவர் மேலே வந்து மூச்செடுப்பதுபோல ஒரு பெரிய திணறல். மீண்டும் குறட்டை.

கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணத் தொடங்கினேன். 18 செக்கன். 25 செக்கன். ஒரு தடவை 32 செக்கன். ஒரு மணித்தியாலத்தில் 21 தடவைகள் அந்த அமைதி வந்தது. அதையெல்லாம் கொப்பியில் எழுதி வைத்தேன். மூன்று இரவுகள் அப்படிச் செய்தேன்.

இந்த வருத்தத்துக்கு ஸ்லீப் அப்னியா என்று பெயர். நித்திரையில் தொண்டைத் தசைகள் தளரும். சிலருக்கு அவை அளவுக்கு மீறித் தளர்ந்து மூச்சு போகும் வழியையே அடைத்துவிடும். நெஞ்சு மூச்செடுக்க முயலும்; காற்று உள்ளே போகாது. இரத்தத்தில் ஒட்சிசன் குறையும். மூளை அபாயத்தை உணர்ந்து ஆளை அரைகுறையாக எழுப்பும். அந்த நேரத்தில் அதிரினலின் போன்ற ஓமோன்கள் சுரக்கும். இரத்தக் குழாய்கள் சுருங்கும். இதயம் வேகமாக அடிக்கும். குருதியமுக்கம் மேலே பாயும். தூங்குபவருக்கு இது எதுவும் நினைவிருக்காது. இறங்க வேண்டிய நேரத்தில் அமுக்கம் ஏறிக்கொண்டே இருந்தால், நாளடைவில் பகலிலும் அது இறங்க மறுக்கும். மூன்று வகைக் குளிசை போட்டும் பிறஷர் குறையாதவர்களில் பலருக்கு இந்த வருத்தம் இருக்கிறது. இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடுவதற்கும், பாரிசவாதத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு.

கொப்பியை உம்மாவிடம் காட்டியபோது அவருடைய முகம் மாறியது. "இதைப் போய் டொக்டர்கிட்டச் சொல்றதா? பொம்புளைகள் குறட்டை விடுறதைச் சொல்லித் திரிவாங்களா மகள்?" என்றார். மாமியும் அவர் பக்கந்தான். வாப்பா மட்டும் கொப்பியை இரண்டு தடவை வாசித்தார். "மூச்சு நிக்கிறது வெக்கமில்ல" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த கிளினிக்குக்கு வாப்பாவும் கூடப் போனார். டொக்டர் என் கொப்பியைப் பார்த்துவிட்டு உம்மாவின் கழுத்தின் சுற்றளவை அளந்தார்; பகலில் எப்போதெல்லாம் தூக்கம் வருகிறது என்று கேட்டார். பிறகு கொழும்பில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தந்தார். அங்கே ஓர் இரவு முழுவதும் தலையிலும் நெஞ்சிலும் விரலிலும் வயர்களைப் பொருத்தி உம்மாவைத் தூங்கவைத்தார்கள். மணித்தியாலத்துக்கு 5 தடவைக்குக் குறைவாக இருந்தால் சாதாரணம். 30ஐத் தாண்டினால் கடுமை. உம்மாவுக்கு 34. ஒட்சிசன் ஒரு கட்டத்தில் 79 சதவீதம் வரை இறங்கியிருந்தது.

இதற்கு ஒரு மெஷின் இருக்கிறது. அவுஸ்திரேலியாவில், சிட்னியைச் சேர்ந்த கொலின் சலிவன் என்ற வைத்தியர் 1981இல் இதை உலகுக்கு அறிவித்தார். மூக்கில் பொருத்தும் ஒரு மூடி வழியாகச் சாதாரணக் காற்றையே சிறிது அழுத்தத்தோடு அனுப்பி, தொண்டை அடைபடாமல் திறந்து வைத்திருக்கும். விலை குறைவானதல்ல. கடையைப் பெருப்பிக்க வாப்பா போட்டிருந்த சீட்டுக் காசு அதற்குப் போனது. முதல் வாரம் உம்மா நடுச்சாமத்தில் அதைக் கழற்றி வைத்துவிடுவார். "யானைத் தும்பிக்கை மாதிரி இருக்கு" என்று தம்பி சிரித்தான், உம்மாவும் சிரித்துவிட்டார். மூன்றாவது வாரத்தில் ஒருநாள் காலை, தலைவலி இல்லாமல் எழும்பியதாகச் சொன்னார்.

ஆறு மாதங்களுக்குப் பிறகு கிளினிக் கொப்பியில் 138/86 என்று எழுதியிருந்தது. அது முழுவதும் மெஷினின் வேலையல்ல. உம்மா ஆறு கிலோ எடை குறைத்தார். மல்லாந்து படுக்காமல் சரிந்து படுக்கப் பழகினார். மூன்று குளிசைகளும் இன்னும் தொடர்கின்றன. மெஷினால் மட்டும் குறையும் அமுக்கம் பொதுவாக இரண்டு மூன்று அலகுதான் என்று டொக்டர் சொன்னார். ஆனாலும் உம்மா பகலில் விழித்திருக்கிறார். அஸருக்குப் பிறகு என்னோடு உட்கார்ந்து கதைக்கிறார். எங்களுக்கு அது பெரிய விடயம்.

இந்த வருத்தம் ஆண்களுக்கே அதிகம் வரும். ஆனால் மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் ஆபத்து கூடுகிறது. பெண்கள் பெரும்பாலும் குறட்டையைச் சொல்வதில்லை. களைப்பு, தலைவலி, நித்திரை வருவதில்லை, மனம் சரியில்லை என்றே சொல்வார்கள். அதனால் வருத்தம் வேறு பெயரில் மறைந்துகொள்கிறது. குறட்டை விடும் எல்லோருக்கும் இந்த வருத்தம் இருக்கிறது என்றும் இல்லை. குறட்டைக்கு நடுவே மூச்சு நிற்கிறதா, திணறி எழும்புகிறார்களா, பகலில் தூங்கி விழுகிறார்களா என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

எங்களைப் போன்ற மாணவிகளுக்கும் இதில் பங்கு இருக்கிறது. எங்கள் வயதுக்கு இரவில் 8 முதல் 10 மணித்தியால நித்திரை தேவை. பெரியவர்களுக்கு ஆகக் குறைந்தது 7. அமெரிக்க இதயச் சங்கம் 2022இல் இதய நலத்துக்கான அடிப்படைகளின் பட்டியலில் நித்திரையையும் எட்டாவதாகச் சேர்த்தது. அதிகாலை ரியூஷனும் நள்ளிரவுத் தொலைபேசியும் சேர்ந்து எங்கள் நித்திரையை இரண்டு பக்கமும் வெட்டிக்கொண்டிருக்கின்றன. பெற்றோர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

தூங்குபவர் தன் நித்திரையைப் பார்க்க முடியாது. அதற்குச் சாட்சி வீட்டிலுள்ளவர்கள்தான். உங்கள் உம்மாவோ வாப்பாவோ மூத்தம்மாவோ பிறஷர் குளிசை போடுபவராக இருந்தால், ஓர் இரவு பத்து நிமிடம் அவருடைய மூச்சைக் கேட்டுப் பாருங்கள். சத்தம் நின்றால் செக்கன்களை எண்ணி எழுதுங்கள். அந்தத் தாளைக் கிளினிக் கொப்பிக்குள் மடித்து வைத்து அனுப்புங்கள்.