யாருடைய சட்டைப்பையில்?

தில்லியில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டிருந்த தாவரவியல் மாணவி ஒருவர், களப்பணிக்குப் புறப்படும் முன், எப்போதும் உடன் வைத்திருக்கத்தக்க இலேசான மடக்குக்கத்தி ஒன்றைத் தேடினார். தேவைகள் எளியவை. உலர்தாவர மாதிரிக்காகப் பூவோடு கூடிய மெல்லிய கொப்பை நறுக்க வேண்டும். செய்தித்தாளை அளவாக வெட்ட வேண்டும். சணல் கயிற்றை அறுக்க வேண்டும். நண்பகலில் ஒரு பழத்தைத் துண்டு போட வேண்டும். ஆய்வாளருக்குரிய பழக்கத்தால் அவர் ஒரு தாளில் ஐந்து கட்டங்கள் வரைந்தார்: எடை, அலகின் நீளம், எஃகு, பூட்டு, திறக்கும் முறை. ஆறாவது கட்டம் ஒன்று தேவைப்படும் என்று அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

முதலில் எடை. அன்றாடக் கத்தியின் முதற்பண்பு கூர்மையன்று. தேவைப்படும் வேளையில் அது கையருகே இருப்பதே. கனமான கத்தி இரண்டு நாள் பையில் இருக்கும். மூன்றாம் நாள் அறையிலேயே தங்கிவிடும். சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் நிறுவனத்தின் ‘கிளாசிக்’ வகை, மூடிய நிலையில் 58 மில்லிமீட்டர் நீளமும் ஏறத்தாழ 21 கிராம் எடையும் கொண்டது. சாவிக்கொத்தில் தொங்கினாலும் அது உறுத்தாது. பிரான்சின் சவோய் பகுதியில் 1890இல் ஜோசப் ஒப்பினெல் உருவாக்கிய கத்தியின் இன்றைய எட்டாம் எண் வகைக்கு, பீச் மரப்பிடியும் 8.5 சென்டிமீட்டர் அலகும் உண்டு. அவ்வளவு நீளம் இருந்தும் அதன் எடை ஏறத்தாழ 50 கிராம்தான். மரப்பிடியும் மெல்லிய அலகுமே காரணம்.

அந்த மெலிவில்தான் வெட்டுத்திறன் இருக்கிறது. தடித்த அலகு பழத்தை வெட்டுவதில்லை, பிளக்கிறது. மெல்லிய அலகு ஊடுருவிச் செல்லும். ஆனால் அதை நெம்புகோலாகப் பயன்படுத்தினால் முனை முறியும். எஃகிலும் இத்தகைய கொடுக்கல் வாங்கல் உண்டு. கரிம எஃகு எளிதில் கூரேறும். ஆனால் பழச்சாறு பட்டால் கறுக்கும், ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகு ஈரத்தைப் பொறுக்கும். மிகக் கடினமான எஃகின் கூர் நெடுநாள் நிலைக்கும். மழுங்கிய பின் காட்டில் அதைத் தீட்டுவது கடினம். மிதமான கடினத்தன்மையுள்ள அலகைப் பீங்கான் கோப்பையின் அடிவிளிம்பில், மெருகு பூசப்படாத சொரசொரப்பில், சிலமுறை உரசியே மீட்டுவிடலாம். களத்தில் நிற்பவருக்கு இந்த இரண்டாம் வகையே உதவும்.

பூட்டு என்பது விரல்களின் காப்பு. ‘கிளாசிக்’ போன்ற பூட்டில்லாக் கத்தியில் வில்தகட்டின் அழுத்தம் மட்டுமே அலகை நிறுத்துகிறது. முனையால் குத்தும்போதோ முதுகில் விசை விழும்போதோ அது விரல்மேல் மடங்கக்கூடும். ஒப்பினெலில் 1955 முதல் ஒரு சுழலும் உலோக வளையம் உண்டு. திறந்தபின் அதைச் சற்றே திருப்பினால் அலகு அசையாது. குறை ஒன்று: மழைக்காலத்தில் மரப்பிடி ஊதி, அலகு நகத்துக்கு இணங்க மறுக்கும். ஆயினும் கொப்பை நறுக்கும் பணிக்கு மாணவியின் தாள் ஒப்பினெலையே சுட்டியது.

இந்த இடத்தில்தான் சட்டம் குறுக்கிட்டது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், வீட்டுக்கும் உழவுக்கும் மட்டுமே வடிவமைக்கப்பட்ட பொருள்களை ஆயுதம் என்னும் வரையறையிலிருந்து விலக்குகிறது. ஆனால் தில்லிக்கு 1980இல் வெளியான அறிவிக்கை தனியானது. வில்விசையால் இயங்குவன, ‘கராரிதார்’, ‘பட்டன்தார்’, மற்றும் வேறெந்த இயந்திர அமைப்பாலும் திறப்பன அல்லது மூடுவன ஆகிய கத்திகள் 7.62 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட நீளமும் 1.72 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட அகலமும் உள்ள கூரிய அலகைக் கொண்டிருந்தால், அவை சட்டக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை.

சொற்களைக் கவனிக்க வேண்டும். ‘கராரி’ என்பது பல்சக்கரம். அலகு திறக்கும்போது கடகடவென்று ஒலிக்கும் அமைப்பு. உத்தரப் பிரதேசத்து ராம்பூரின் புகழ்பெற்ற கத்தியை நாடறியச் செய்தது அந்த ஒலிதான். இந்தித் திரைப்பட வில்லன்கள் அதை வீடுதோறும் கொண்டு சேர்த்தனர். ‘தார்’ என்பது ‘உடையது’ எனப் பொருள்படும் பாரசீக ஒட்டு. தமிழில் தாசில்தாரிலும் சந்தாதாரரிலும் வாழ்வதும் அதுவே. ஆங்கிலப் ‘பட்டன்’ மீது பாரசீக ஒட்டு ஏறிய தெருச்சொல் ஒன்று, அப்படியே ஆங்கில அரசிதழுக்குள் நுழைந்திருக்கிறது. ஒரு கருவியைத் தெரு எப்படி அழைத்ததோ அப்படியே அரசும் அழைத்தது. தெருவின் அச்சமும் அந்தச் சொல்லோடு சேர்ந்து உள்ளே வந்தது.

மடங்கும் கத்திக்கு வேறொரு மரபும் உண்டு. ஆங்கிலத்தில் இதன் பழைய பெயர், இறகுப் பேனாவைச் சீவும் கத்தி என்பதிலிருந்து வந்தது. தமிழின் ‘பேனாக்கத்தி’ அதன் வழிவந்ததே. அதற்கு முன்பே தமிழில் மடக்கெழுத்தாணி இருந்தது. எழுதும் கூர்முனையும் ஓலையை நறுக்கும் கத்தியும் பிடிக்குள் மடங்கும் கருவி அது. அதை உடன் வைத்திருந்தவரை ஊர் கற்றவர் என்றது. மடங்குதல் அங்கே மறைத்தலன்று. ஏட்டுக்கும் இடுப்புக்கும் ஊறு நேராமல் காத்தல்.

ஒப்பினெல் நகத்தால் திறப்பது. அதில் வில்விசையோ பொத்தானோ இல்லை. எனினும் அதன் நீளம் வரம்பைவிடக் கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர் அதிகம். சுழல்வளையம் ‘இயந்திர அமைப்பு’ ஆகுமா என்பது வாதத்துக்குரியது. ஆனால் அந்த வாதம் நடக்கும் இடம் நீதிமன்றம். கத்தியைச் சோதிக்கும் இடமோ தெரு.

மாணவி நகருக்குள் சிறிய ‘கிளாசிக்’ போதும் என்று தீர்மானித்தார். ஒப்பினெலைக் களப்பெட்டியில் தாவர அழுத்திக்கும் செய்தித்தாள்களுக்கும் நடுவே வைக்கலாம். ஆனால் அவரிடம் அந்த வகையில் இரண்டு சேர்ந்திருந்தன. ஒன்றை, விடுதி வாயிலருகே தள்ளுவண்டியில் கொய்யா விற்கும் முதியவருக்குக் கொடுக்க நினைத்தார். முதியவரின் கத்தி பிடி உடைந்து, சைக்கிள் டியூப் சுற்றப்பட்டு, பழங்களின் நடுவே திறந்தே கிடப்பது வழக்கம்.

முதியவர் ஒப்பினெலை வாங்கி ஒரு கொய்யாவை நான்காக வெட்டினார். சாறு கையில் வழியாததைக் கண்டு தலையசைத்தார். வளையத்தை இருமுறை திருப்பிப் பார்த்தார். பிறகு அலகைத் துணியால் துடைத்து மடக்கி, துண்டுகளில் கறுப்பு உப்பு தூவி, பழத்தையும் கத்தியையும் சேர்த்தே திருப்பித் தந்தார். பழத்தோடு வண்டியில் கிடந்தால் இது கொய்யா வெட்டும் கத்தி. இரவில் வீடு திரும்பும்போது தன் சட்டைப்பையில் மடங்கி இருந்தால் இதன் பெயர் ‘சாக்கு’ என்று இந்தியில் சொன்னார். உங்களிடம் அடையாள அட்டை இருக்கிறது என்றும் சேர்த்துச் சொன்னார். குரலில் குறை கூறும் தொனி இல்லை. விலை சொல்வது போலவே சொன்னார்.

கத்தியை இலேசாக்குவதும் விரலைக் காப்பதும் எங்கும் கொண்டு செல்ல உதவுவதும் மடங்கும் தன்மையே. முதியவரைப் பொறுத்தவரை வழக்கை வரவழைப்பதும் அதே தன்மைதான். அவருடைய உடைந்த பிடிக்கத்தி திறந்து கிடப்பதால் யாரையும் அச்சுறுத்துவதில்லை. கையை மட்டும் அவ்வப்போது அறுக்கிறது. பாதுகாப்பான கருவி பாதுகாப்பானவர்களுக்கே வாய்க்கிறது.

அன்றிரவு மாணவி தாளில் ஆறாவது கட்டத்தை வரைந்து, அதன் தலைப்பில் ‘யாருடைய சட்டைப்பையில்?’ என்று எழுதினார். எடையும் நீளமும் எஃகும் எல்லோருக்கும் ஒன்றே. இந்தக் கட்டத்தில் மட்டும் கத்திக்கு ஒரே விடையை எழுத முடியவில்லை. மறுநாள் காலை முதியவரின் பழைய கத்தியை வாங்கிச் சென்று, கோப்பையின் அடியில் தீட்டி, பிடிக்குப் புதிய மரத்துண்டு பொருத்தித் திருப்பிக் கொடுத்தார். அது மடங்காது. முதியவர் அதைப் பழங்களின் நடுவே வழக்கமான இடத்தில் வைத்தார்.