சரக்கு தங்காத கடை

பால் ஊற்றுகிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எப்படியும் தீவன விலையில் வந்து நிற்கும். எந்தக் கடையில் மூட்டைக்கு இருபது ரூபாய் குறைவு, யார் கடன் தருகிறார், யார் வண்டி வாடகை இல்லாமல் தோட்டத்துக்கே கொண்டுவந்து இறக்குகிறார். விலை முக்கியம்தான். கறவை மாட்டுக்கு ஆகும் செலவில் பெரும்பங்கு தீவனத்துக்குத்தான் போகிறது. ஆனாலும், காங்கேயம் பக்கம் காலமெல்லாம் கட்டுத்தரையில் நிற்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: கடைக்குள் நுழைந்ததும் நான் கேட்கிற முதல் கேள்வி விலை இல்லை.

"ஏனுங்ணா, இந்தத் தவிடு என்னிக்கு வந்துச்சுங்க?"

நல்ல வியாபாரி யோசிக்காமல் நாளைச் சொல்லிவிடுவார். எந்த மில் சரக்கு என்பதையும் சேர்த்தே சொல்வார். "எல்லாம் புது லோடுதான் அம்மிணி, எடுத்துக்கங்க" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால், மூட்டையைப் பிரித்துக் காட்டச் சொல்வேன்.

தவிட்டை மேலாக அள்ளிப் பார்த்துப் பயனில்லை. முழங்கை வரை கையை உள்ளே விட வேண்டும். நடு மூட்டை வெதுவெதுவென்றிருந்தால் அது ஈரத்தோடு கட்டிய சரக்கு, உள்ளே சூடேறத் தொடங்கிவிட்டது. ஒரு பிடி எடுத்து இறுக்கினால் நல்ல தவிடு ஒரு கணம் கொழுக்கட்டையாக நின்று பிறகு உதிரும். விரலில் எண்ணெய்ப் பசை ஒட்டும். உமி அரைத்துக் கலந்திருந்தால் பிடி நிற்காது, உள்ளங்கையில் சுருக்சுருக்கென்று குத்தும். சந்தேகம் தீரவில்லையென்றால் ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கிவிட்டால் உமி மிதக்கும், மண் அடியில் தங்கும். டம்ளரும் தண்ணீரும் கேட்டதற்கு முகம் சுளிக்காத கடைக்காரரிடம் தைரியமாக வாங்கலாம்.

அரிசித் தவிட்டுக்கு ஆயுசு குறைவு. நெல்லைத் தீட்டிய நிமிஷத்திலிருந்தே தவிட்டிலுள்ள நொதி அதன் எண்ணெயைச் சிதைக்க ஆரம்பித்துவிடுகிறது. சில நாளில் காறல் வாடை எழும். நெல்லை அவிக்கும்போது அந்த நொதி செத்துப்போவதால் புழுங்கல் தவிடு பச்சரிசித் தவிட்டைவிட அதிக நாள் தாங்கும், எண்ணெய்ச் சத்தும் கூடுதல். காங்கேயத்தைச் சுற்றி அரிசி ஆலைகள் இருப்பது எங்களுக்கு வரம். ஆலைச் சரக்கு மறுநாளே கடைக்கு வந்துவிடும். அப்படியிருக்க, எங்கிருந்தோ வந்து மாதக்கணக்கில் அடுக்கிக் கிடந்த தவிட்டை எதற்காக வாங்க வேண்டும்?

தேங்காய்ப் புண்ணாக்குக்கும் இதே கதைதான். காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் கொப்பரைக் களமும் எண்ணெய் ஆலையும் இல்லாத சாலை குறைவு. செக்கிலோ எக்ஸ்பெல்லரிலோ ஆட்டிய புண்ணாக்கில் எண்ணெய் மிச்சமிருக்கும், மாடு விரும்பித் தின்னும். கரைப்பான் போட்டு எண்ணெயை ஒட்ட உறிஞ்சிய புண்ணாக்கில் புரதம் இருக்கும், எண்ணெய் இருக்காது. இரண்டும் மாட்டுக்கு ஆகும். ஆனால் விலை ஒன்றாக இருக்கக் கூடாது. எது எது என்று கேட்காமலே பிரித்துச் சொல்கிற கடை நல்ல கடை.

பருத்திக்கொட்டை விஷயம் வேறு. ஊறவைத்து ஆட்டுக்கல்லில் ஆட்டி மாட்டுக்கு வைத்த தலைமுறை எங்களுடையது. அன்று கொட்டை அக்கம்பக்கத்து ஜின்னிங் ஃபேக்டரியிலிருந்து வந்தது. இன்று பெரும்பாலும் வெளி மாநிலத்திலிருந்து லாரியில் வருகிறது. வழியில் எத்தனை மழை பார்த்ததோ. நாலு கொட்டையைக் கடித்துப் பார்ப்பேன். பருப்பு வெளிறிய பசுமஞ்சளாக இருந்தால் சரி, பழுப்பேறியிருந்தால் வேண்டாம்.

பழைய சரக்கு என்றால் ஏன் இவ்வளவு பயம் என்று கேட்பீர்கள். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிக்கொண்டே போனதில், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் போய் நின்றது. அதில் வளர்ந்த பூஞ்சை உண்டாக்கிய நஞ்சுக்குத்தான் பின்னால் அஃப்ளடாக்ஸின் என்று பெயர் வைத்தார்கள். மாடு அதைத் தின்றால் உடனே விழுந்துவிடாது. தீனி குறையும், பால் குறையும், சினை பிடிப்பது தள்ளிப்போகும். நஞ்சில் ஒரு பகுதி உருமாறிப் பாலில் இறங்கும், காய்ச்சினாலும் போகாது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் நாடு முழுக்கப் பால் மாதிரி எடுத்துச் சோதித்தபோது, தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரியில் 88இல் இந்த நஞ்சு அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது. வேறெந்த மாநிலத்திலும் இத்தனை மாதிரி தவறவில்லை. அந்த நஞ்சு பாலுக்கு வந்தது தீவனத்தின் வழியாக. நம் பேரப்பிள்ளை குடிக்கிற பால் அது.

அதனால் ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் நான் கடலைப் புண்ணாக்கை வாரத்துக்கு மேல் இருப்பு வைப்பதில்லை. கடையிலும் மூட்டைகளைத் தரையோடு போட்டிருக்கிறார்களா, பலகை மேல் அடுக்கிச் சுவரை விட்டுத் தள்ளி வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பேன். இன்னொன்று: பூச்சிமருந்தும் தீவனமும் ஒரே கூரையின் கீழ் விற்கும் கடைகள் நம் பக்கம் நிறைய. விற்பதில் தப்பில்லை. ஒரே அறையில் மருந்து டப்பாவும் தவிட்டு மூட்டையும் பக்கம் பக்கமாக இருந்தால் அந்தக் கடைப் படி ஏறாதீர்கள்.

குச்சித் தீவனம் வாங்குகிறவர்கள் மூட்டையின் மேலுள்ள மாட்டுப் படத்தை விட்டுவிட்டு, தைத்திருக்கும் சீட்டைப் படிக்க வேண்டும். கலப்புத் தீவனத்துக்கு ஐ.எஸ். 2052 என்ற தரம் இருக்கிறது. முதல் வகையில் புரதம் 22 சதவீதத்துக்கும், இரண்டாம் வகையில் 20 சதவீதத்துக்கும் குறையக் கூடாது. ஈரம் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சீட்டில் தயாரித்த தேதி இல்லையென்றால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. புரத எண்ணையும் கண்ணை மூடி நம்ப முடியாது. ஆய்வகத்தில் நைட்ரஜனை அளந்து அதிலிருந்துதான் புரதத்தைக் கணக்கிடுகிறார்கள். நூறு கிலோவுக்கு ஒரு கிலோ யூரியா கலந்தாலே காகிதத்தில் புரதம் கிட்டத்தட்ட 3 சதவீதம் ஏறிவிடும். கன்றுக்குட்டிக்கு அந்த யூரியா ஆகவே ஆகாது. ஆகவே யூரியா கலந்ததா, எவ்வளவு என்பதையும் கேளுங்கள்.

விலையை ஒப்பிட எனக்குத் தெரிந்த ஒரே நேர்மையான வழி, மூட்டை விலையை மறந்துவிட்டுப் புரத விலையைப் பார்ப்பது. உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம்: கடலைப் புண்ணாக்கு கிலோ 50 ரூபாய், புரதம் 40 சதவீதம் என்றால் ஒரு கிலோ புரதம் 125 ரூபாய்க்கு விழுகிறது. பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு கிலோ 35 ரூபாய், புரதம் 22 சதவீதம் என்றால் 159 ரூபாய். மலிவாகத் தெரிந்தது மலிவில்லை. மாவுச்சத்துக்கு மக்காச்சோளத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும் என்றாலும், இந்த ஒரு வகுத்தலைச் செய்கிறவரை எந்த வியாபாரியும் சுலபத்தில் ஏமாற்ற முடியாது.

இனிக் கடன். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். பக்கத்துத் தோட்டத்து அக்கா ஒரு கடையில் பற்று வைத்து வாங்கிக்கொண்டிருந்தார். ஒருமுறை வந்த புண்ணாக்கை உடைத்தால் உள்ளே பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை. "திருப்பிக் கொடுத்திருங்கக்கா" என்றேன். "பழைய பாக்கி நிக்குதே கண்ணு, எந்த மூஞ்சிய வெச்சுட்டுக் கேக்கறது?" என்றார். அந்தப் புண்ணாக்கைக் குப்பைக்குழியில் கொட்டினோம்; பணத்தை அவர் கட்டித்தான் தீர்த்தார். பற்று நின்றுவிட்டால் வாய் அடைத்துப்போகும். கறவை வற்றிய மாதங்களில் கடன் இல்லாமல் முடியாது என்பது எனக்கும் தெரியும். முடிகிற மாதங்களிலாவது ரொக்கம் கொடுத்துப் பில் வாங்குங்கள். பால் சங்கத்தில் தீவனம் எடுத்தால் பால் பணத்தில் பிடித்துக்கொள்வார்கள். அதிலும் மூட்டைக் கணக்கு நம் கையில் தனியாக இருக்க வேண்டும்.

தாது உப்பு சில்லறையாக, பெயரில்லாத பொட்டலத்தில் கிடைக்கும். அது சுண்ணாம்புக்கல் மாவாக இருந்தால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை. கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கலவையையோ ஐ.எஸ். 1664 முத்திரை உள்ளதையோ வாங்குங்கள். கயிறும் சலங்கையும் வாங்க எனக்குக் கடை வேண்டாம். சித்திரையில் கண்ணபுரம் தேரும் ஆடியில் அந்தியூர் சந்தையும் போதும். மாட்டுக்காரர்கள் கூடுகிற இடத்தில் மட்டமான கயிறு விலை போகாது.

கையும் மூக்கும் ஓரளவுக்குத்தான். அஃப்ளடாக்ஸினுக்கு வாடை கிடையாது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது. கட்டணம் கட்டி மாதிரி கொடுத்தால் புரதம், ஈரம், பூஞ்சை நஞ்சு எல்லாம் பார்த்துச் சொல்வார்கள். ஒரு வீட்டுக்கு அந்தக் கட்டணம் சுமையாகத் தெரியலாம், ஊரில் பத்துப் பேர் பங்கு போட்டால் சுமையில்லை. உங்கள் பால் சங்கப் பொதுக்குழு கூடும்போது எழுந்து நின்று கேளுங்கள்: சங்கம் விற்கிற தீவனத்தின் ஆய்வறிக்கை எங்கே? பால் அளக்கிற இடத்துப் பலகையில் அதை ஒட்டச் சொல்லுங்கள். அப்புறம் அதே கேள்வியைத் தனியார் கடைகளிலும் கேளுங்கள்.