சின்னப் படகும் சிறு செருகியும்

ஹந்தானைச் சரிவில் நின்று நகரை நோக்கினால், கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அமைத்த கண்டி வாவி தெரியும். இத்தகைய ஆழமான நீர்நிலையில் வானொலி அலையால் இயங்கும் விளையாட்டுப் படகொன்று நடுவழியில் நின்றுவிட்டால், அதை மீட்க முதலில் இறங்கத் துணிபவன் ஒரு சிறுவனாகவே இருப்பான். ஆகவே, பற்றரிக்கும் மோட்டருக்கும் இடையிலுள்ள செருகியை அற்பமாக எண்ணலாகாது.

1898இல் நியூயோர்க்கில் நிக்கொலா டெஸ்லா காட்டிய வானொலிப் படகும் பற்றரியில்தான் ஓடியது. அன்றும் இன்றும் விதி ஒன்றே: மின்னோட்டம் மூன்று மடங்கானால் வெப்பம் ஒன்பது மடங்காகும். 10 மில்லி ஓம் தடையுள்ள தேய்ந்த செருகியில் 10 அம்பியர் பாய்ந்தால் 1 வாற்று; 30 அம்பியர் பாய்ந்தால் 9 வாற்று. விரல்நுனியளவு பிளாஸ்ரிக் அதைத் தாங்காது இளகிவிடும். சுழலியில் நீர்க்களை சிக்கினால் மின்னோட்டம் மேலும் ஏறும்.

மெதுவாகச் செல்லும் படகுக்குத் தமியா செருகி போதும். லித்தியம் பற்றரி பூட்டிய வேகப் படகுக்கு, பொன்முலாமிட்ட தடித்த முனைகள் கொண்ட எக்ஸ்ரி 60 போன்றதே ஏற்றது. பற்றரிப் பக்கத்தில் முனைகள் உறைக்குள் மறைந்திருக்கவேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் உலோகம் பட்டுக் குறுஞ்சுற்றாகித் தீப்பிடிக்கலாம். பொருந்தாத இரண்டை இணைக்க இடையில் இன்னொரு செருகியை வைப்பதும் நன்றன்று. அது மேலுமொரு தடை.

ஒவ்வோர் ஓட்டத்தின் பின்னும் செருகியைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால், மறுமுறை படகை நீரில் விடுமுன் மாற்றிவிடுங்கள்.