வள்ளிமலை ஊராருக்கு நன்றியுடன் ஒரு மடல்

வள்ளிமலைப் பெரியவர்களே, அக்கா தங்கைகளே,

ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பாகம் தைக்கிறவள் நான். ஞாயிறு கிடைத்தால் எங்கள் ஆட்கள் ஸ்ரீபுரத்துக்கோ ரத்தினகிரிக்கோ போவார்கள். காட்பாடி தாண்டி உங்கள் முருகனைப் பார்க்க வருகிறவர்கள் குறைவு.

நான் வந்த அன்று, மலைமேல் பாறையைக் குடைந்த சன்னதியைக் காட்டியதோடு நீங்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. மான் ஈன்ற வள்ளியை வேடர் தலைவன் நம்பிராஜன் வள்ளிக்கிழங்குக் குழியில் கண்டெடுத்தது, அவள் பரண்மேல் நின்று ஆலோலம் பாடிக் குருவி ஓட்டியது, கிழவனாக வந்த முருகன் தேனும் தினைமாவும் தின்று விக்கியது, அண்ணன் பிள்ளையார் யானையாக வந்து அவளை மிரட்டியது என்று கதை முழுவதையும் இந்த மலைமேலேயே வைத்திருக்கிறீர்கள். "அதோ, அந்தக் குன்றுதாம்மா யானை" என்று பூக்கடைப் பாட்டி கை நீட்டியதும் எனக்கும் மத்தகம் தெரிந்தது.

வெயிலே படாதது என்று நீங்கள் சொல்லும் சுனை அருகில்தான் நெடுநேரம் நின்றேன். எங்கள் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவு இறங்கிக் கிணறுகள் உப்பேறின. பாலாறு மாசுபட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1996-இல் தீர்ப்பு வந்தது. குடத்தோடு தண்ணீருக்கு அலைந்த அம்மாக்களின் மகள்கள் நாங்கள். விக்கி நின்ற சாமிக்கு ஒரு பெண் சுனைநீர் மொண்டு கொடுத்தாள் என்று நீங்கள் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. உங்கள் பொன்னையாறும் எங்கள் பாலாற்றில்தானே வந்து சேர்கிறது!

அதே மலையில் சமணக் குகையையும் காட்டினீர்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் கங்க மன்னன் ராசமல்லன் அமைத்தது. கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. முருகன் மலையில் தீர்த்தங்கரர்கள் இன்றும் அமைதியாக அமர்ந்திருக்கிறார்கள். அவர்களையும் உங்கள் மலையின் பெருமையாகவே சொன்னீர்களே, அதற்குத் தனியாக ஒரு கும்பிடு.

மைசூர் அரண்மனைச் சமையல் வேலையை விட்டு, திருப்புகழே கதி என்று வந்த சச்சிதானந்த சுவாமிகளுக்கும் இங்கேதான் இடம் கிடைத்தது. திருத்தணியில் புத்தாண்டுப் படிவிழாவைத் தொடங்கி வைத்தவர் அவர். 1950-இல் இந்த மலையிலேயே அடங்கினார்.

மாசித் தேர் மலையைச் சுற்றி வர நான்கு நாள் ஆகும் என்றீர்கள். லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். எங்கள் லைனில் இருக்கும் பெண்களும் வடம் பிடிக்க வருகிறார்கள். அவர்களுக்கும் அந்த யானையைக் காட்டுங்கள்.

அன்புடன்,
ஆம்பூர்த் தொழிலாளி ஒருத்தி