மனு எழுதாத பள்ளம்

ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றும் ஜீப்புகளும் பன்னீர் திராட்சை ஏற்றும் மினி லாரிகளும் கம்பம் பள்ளத்தாக்கில் விடியுமுன்பே ஓடத் தொடங்கிவிடும். மழைத்தண்ணீர் நிற்கும் பள்ளம் இருட்டில் எங்கே தெரிகிறது? சக்கரம் இறங்கி ரிம் நெளிகிறது, பட்டை முறிகிறது. டிரைவர் "நம்ம நேரம்" என்று சொல்லிவிட்டு, ஒர்க்‌ஷாப்பில் கடன் சொல்லிச் சரிசெய்துகொள்கிறார். ரோட்டுக்குப் பொறுப்பானவரை யாரும் கேட்பதில்லை. எனக்கு ஆறாத வருத்தம் அதில்தான்.

பொறுப்பானவரைக் கோர்ட்டில் கேட்டவர்கள் உண்டு. டில்லி சாந்தினி சௌக் மணிக்கூண்டு 1951-இல் இடிந்து விழுந்து ஆட்கள் இறந்தார்கள். பழுது வெளியே தெரியவில்லை என்று நகராட்சி சொன்ன சமாதானத்தை 1966-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. நஷ்டஈடு கொடுக்க வேண்டியதாயிற்று. ராஜ்கோட்டில் சாலையோர மரம் விழுந்து ஒருவர் இறந்த வழக்கிலோ 1997-இல் அதே நீதிமன்றம் மாநகராட்சியை விட்டுவிட்டது. மரம் பட்டுப்போனதற்கான அடையாளம் எதுவும் வெளியே தெரிந்திருக்கவில்லை என்பது அதில் முக்கியமாக நின்றது.

ரோட்டுப் பள்ளம் அப்படியா? எல்லோர் கண்ணிலும் படுகிறது. ஆனாலும் அதிகாரிக்குத் தெரியும் என்று காட்ட எழுத்தில் ஒன்று வேண்டும். அதனால்தான் தம்பி, வண்டி அடிபடுமுன்பே மனு கொடு என்கிறேன். யாருடைய ரோடு என்று முதலில் பார். திண்டுக்கல்–குமுளி ரோடு தேசிய நெடுஞ்சாலை 183. கிளை ரோடு மாநில நெடுஞ்சாலைத் துறையுடையதாகவோ ஊராட்சி ஒன்றியத்துடையதாகவோ இருக்கும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் கொடுத்தால் ரசீது வாங்காமல் வராதே.

2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் வந்த 198ஏ பிரிவு, ரோடு போட்டவர்மேல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் போடுகிறது. ஆனால் உயிர் போனாலோ உடல் ஊனமானாலோதான். நெளிந்த ரிம்முக்கு அது உதவாது. மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸ் மட்டும் வைத்திருப்பவருக்கு அங்கேயும் ஒன்றும் கிடைக்காது. சுங்கம் கட்டி ஓட்டியவர் அந்த ரசீதோடு இரண்டு வருஷத்துக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அரசுமேல் சிவில் வழக்குப் போடுவதானால் இரண்டு மாத நோட்டீஸ் முதலில் கொடுக்க வேண்டும். ஜீப்பில் அளவுக்கு மீறி ஆளேற்றியிருந்தால் எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் பிடிக்கும்.

அடிபட்ட அன்றே பள்ளத்தையும் பக்கத்துக் கிலோமீட்டர் கல்லையும் சேர்த்துப் போட்டோ எடு. போன மழைக்கே வேறு யாராவது அந்தப் பள்ளத்துக்கு மனு கொடுத்திருந்தால், அதன் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம்.