பேய்க்கும் கண் மைக்கும் என்ன சம்பந்தம்?

அக்டோபர் 31 வந்தால் போதும், அமெரிக்காவில் பூசணிக்காய்க்குக் கூட கண், மூக்கு, வாய் வைத்து விடுவார்கள். ஹாலோவீன்! இப்போது சென்னை, பெங்களூர் அபார்ட்மெண்ட்களிலும் சில கல்லூரி விடுதிகளிலும் அந்த ஒரு இரவு பேய்கள் நடமாடுகின்றன. "வெள்ளைக்காரப் பேய் நமக்கு எதற்கு? நம்ம ஊர்ல இல்லாத பேயா?" என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் கொஞ்சம் தோண்டிப் பார்த்தால் இந்த வேஷம் நமக்கு அவ்வளவு அந்நியம் இல்லை.

ஹாலோவீனின் வேர் அயர்லாந்துப் பக்கம் இருக்கிறது. அங்கே வாழ்ந்த கெல்டிக் மக்களுக்கு நவம்பர் 1 குளிர்காலத்தின் தொடக்கம். அதற்கு முந்தைய இரவு ஆவிகள் உலாவும் என்ற நம்பிக்கை. ஆவிக்கு அடையாளம் தெரியக் கூடாது என்று முகத்தை மாற்றிக் கொண்டார்களாம். பிறகு கிறிஸ்தவத் திருச்சபை நவம்பர் 1ஐ அனைத்துப் புனிதர் திருநாளாகவும், நவம்பர் 2ஐ இறந்தவர்களின் நினைவு நாளாகவும் வைத்தது. அந்த நவம்பர் 2தான் நம் ஊரில் கல்லறைத் திருநாள். கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். பழனி மலைக்காரர்களுக்கு இது புதிதில்லை. 1845லேயே அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் வீடு கட்டிக் குடியேறி விட்டார்கள். ஆக ஹாலோவீனும் கல்லறைத் திருநாளும் அக்கம் பக்கத்து வீட்டுக்காரர்கள்!

சரி, வேஷம் போட்டு வீடு வீடாகப் போவது? அதுவும் இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் முத்தாரம்மன் கோயில் தசராவுக்குப் பக்தர்கள் விரதம் இருந்து காளி, குறவன், குரங்கு, ராஜா, பிச்சைக்காரர் என்று விதவிதமாக வேஷம் கட்டுகிறார்கள். வீடு வீடாக, கடை கடையாகப் போய்க் காணிக்கை வாங்கிக் கோயிலில் சேர்க்கிறார்கள். பத்தாம் நாள் இரவு கடற்கரையில் சூரசம்ஹாரம். அமெரிக்கக் குழந்தைக்கு மிட்டாய், இங்கே அம்மனுக்குக் காணிக்கை. மாதம் கூடப் பெரும்பாலும் அதே அக்டோபர்தான். காளி வேஷத்தில் முதலில் பயமுறுத்துவது எது? நாக்கு இல்லை, கண்! கறுப்பும் சிவப்புமாகச் சுற்றி வரைந்த அந்தப் பெரிய கண்.

இப்போது பழனியிலிருந்து கொடைக்கானல் ஏறும் மலைப்பாதையில் இருக்கும் வடகவுஞ்சியை எடுத்துக் கொள்வோம். காப்பியும் மலை வாழையும் விளையும் ஊர். அங்கிருந்து கல்லூரிக்குப் போகும் ஒரு பெண் விடுதித் தோழிகளோடு ஹாலோவீன் கொண்டாட நினைக்கிறாள் என்று வைத்துக் கொள்வோம். முகமூடி வேண்டாம், ஆயிரக்கணக்கில் செலவும் வேண்டாம். ஒரு கறுப்பு மைப் பென்சில், கொஞ்சம் ஐ ஷேடோ, முகப் பவுடர். இவ்வளவு இருந்தால் நாலு வேஷம் போடலாம்.

முதலாவது, பூனைக் கண். மேல் இமை ஓரமாகக் கோடு இழுத்து, கடைசியில் புருவத்தின் நுனியைப் பார்த்து மேலே தூக்கி விட வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவாக வர ஒரு செலோ டேப் துண்டை ஓரத்தில் ஒட்டிக் கொண்டால் போதும். மூக்கு நுனியில் ஒரு கறுப்புப் பொட்டு வைத்தால் பூனை ரெடி.

இரண்டாவது, மண்டையோடு. முகத்துக்குப் பவுடரை நன்றாக அப்பி விட்டு, புருவத்திலிருந்து கன்ன எலும்பு வரை கண்ணைச் சுற்றிப் பெரிய வட்டம் போட்டு, உள்ளே கறுப்பு ஐ ஷேடோவை விரலால் தேய்க்க வேண்டும். நடுவில் கறுப்பாகவும் ஓரம் சாம்பலாகவும் இருந்தால் கண் குழிந்தது போலத் தெரியும்.

மூன்றாவது, சிலந்தி வலை. ஒரு கண்ணுக்கு மட்டும். கண்ணின் வெளி மூலையிலிருந்து விசிறி மாதிரி நாலைந்து கோடு. அவற்றை இணைத்து உள்பக்கமாக வளைந்த சின்னச் சின்னக் கோடுகள். அவ்வளவுதான்.

நான்காவது, நம்ம ஊர் மோகினி. கண்ணுக்குக் கீழே மையைத் தீட்டி விரலால் கன்னம் வரை இழுத்து விட்டால், அழுது அழுது செத்துப் போனவள் மாதிரி இருக்கும். அக்டோபர் கடைசியில் மலையில் வடகிழக்குப் பருவமழையும் மூடுபனியும் சேர்ந்து கொள்ளும். மற்ற வேஷமெல்லாம் ஈரத்தில் கலையும். மோகினிக்கு மட்டும் கலையக் கலையத்தான் அழகு! மலையின் ஞாபகத்துக்கு இமை மேல் குறிஞ்சிப் பூவின் நீலஊதா நிறத்தைத் தடவலாம். 2006ல் பூத்து, 2018ல் பூத்த குறிஞ்சி இனி 2030ல்தான் பூக்கும். அது வரை இமையிலாவது பூக்கட்டும்.

இனி முக்கியமான விஷயம். எதைத் தீட்டுவது?

கிராமங்களில் பாட்டிமார் மை தயாரிக்கும் முறை ஒன்று உண்டு. கரிசலாங்கண்ணிச் சாற்றில் துணியை நனைத்து, நிழலில் உலர்த்தித் திரியாக்கி, விளக்கெண்ணெய் ஊற்றி எரித்து, மேலே கவிழ்த்த தட்டில் படியும் கரியை வழித்து எண்ணெயில் குழைப்பார்கள். குழந்தையின் கன்னத்தில் வைக்கும் திருஷ்டிப் பொட்டும் இதுதான். அயர்லாந்துக்காரர் ஆவிக்குப் பயந்து முகத்தை மாற்றினார், நம் பாட்டி கண்ணேறுக்குப் பயந்து முகத்தில் கறுப்பு வைத்தார். இரண்டுக்கும் பயம் ஒன்றுதான்.

ஆனால் எல்லா மையும் விளக்குக் கரி இல்லை. சுர்மா என்று விற்கப்படும் சில பொடிகளில் கலீனா என்ற கல்லை அரைத்துச் சேர்க்கிறார்கள். அது ஈயமும் கந்தகமும் சேர்ந்த தாது. ஈயம் உடம்பில் சேர்ந்தால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இதனால்தான் பாரம்பரிய கோல் மையை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அழகுசாதனங்களில் அனுமதிப்பதில்லை. நடிகர்கள் பூசும் "அரிதாரம்" என்ற சொல்லே ஆர்சனிக் கலந்த ஒரு மஞ்சள் தாதுவின் பெயர்தான். கலைக்காக மனிதர்கள் முகத்தில் விஷத்தையே பூசியிருக்கிறார்கள். எனவே லேபிளும் தயாரிப்புத் தேதியும் இல்லாத மை டப்பா, எவ்வளவு மலிவாக இருந்தாலும், கண்ணுக்கு வேண்டாம்.

அதை விட ஆபத்து, பூனைக் கண், பேய்க் கண் என்று விற்கும் கலர் லென்ஸ். கதகளிக்காரர்கள் கண் சிவக்க சுண்டப்பூவிலிருந்து எடுத்த சின்ன மணியை இமைக்குள் வைப்பார்கள். அது குரு சொல்லிக் கொடுத்துப் பழகிய வித்தை. ஆன்லைனில் வாங்கிய லென்ஸுக்கு எந்தக் குருவும் கிடையாது. கண்ணின் அளவுக்குப் பொருந்தாத லென்ஸ் கருவிழியைக் கீறும். கீறலில் கிருமி புகுந்தால் புண்ணாகும், பார்வையே போகலாம். அமெரிக்காவில் 2005ல் அழகுக்கான லென்ஸையும் மருத்துவக் கருவி என்றே சட்டமாக்கி விட்டார்கள், டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. வடகவுஞ்சிப் பெண்ணுக்கு இரவு பத்து மணிக்குக் கண்ணில் வலி எடுத்தால், மழையில் மலை இறங்கி மதுரை அரவிந்த் போய்ச் சேர விடிந்து விடும். ஒரு போட்டோவுக்காக அவ்வளவு தூரம் தேவையா?

மற்றவையெல்லாம் சின்ன விஷயங்கள். ஒரே பென்சிலை நாலு பேர் பகிரக் கூடாது, மெட்ராஸ் ஐ அப்படித்தான் பரவும். கைவினைக்கு விற்கும் ஜிகினாவும் போஸ்டர் பெயிண்ட்டும் கண் பக்கமே வரக் கூடாது. புதுப் பொருளை முதல் நாளே முன்கையில் தடவிப் பார்ப்பது நல்லது. கோடு எப்போதும் இமை முடிக்கு வெளியேதான். முடிந்ததும் அப்படியே படுக்கக் கூடாது. பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டு, கண்ணை மூடிக் கொண்டு மெதுவாகத் துடைத்து, சோப்பு போட்டு முகம் கழுவ வேண்டும்.

பேய் வேஷம் ஒரு ராத்திரிக்குத்தான். காலையில் எட்டு மணிக்கு வகுப்பு இருக்கிறது, கரும்பலகை தெளிவாகத் தெரிய வேண்டும்!